இரண்டு முறை பூசிய தங்கம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்குகிற அக்காவுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். இன்னும் ஒப்பந்த ஊழியர்தான். ஆனாலும் பேராசிரியர்கள்கூட அவளிடம் குரல் உயர்த்த மாட்டார்கள். அவள் மனசு வைத்தால்தான் படம் வரும். மாதிரியின் மேல் மெல்லிசாகத் தங்கம் பூசித்தான் கருவிக்குள் வைப்பாள். பூச்சு தடித்துப்போனால் தங்கமே குருணை குருணையாகத் தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதைக் காது புளிக்கிற அளவுக்குச் சொல்வாள்.

அவளே அதில் சறுக்கினாள். போன வருடம் ஒரு மத்தியானம், வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக ஃபோன் வந்தது. பேசிவிட்டு வந்தவள், ஏற்கெனவே பூசிய மாதிரியையே ஞாபகமில்லாமல் மறுபடி பூசிவிட்டாள். மூன்று வருடமாக நானோ துகள்களைத் தேடி ஒன்றும் கிடைக்காமல் அல்லாடிய ஒரு மாணவியின் மாதிரி அது. திரையில் மணிமணியாய்த் துகள்கள்.

"அக்கா, வந்துடுச்சுக்கா!" என்று அந்தப் பெண் அழுதே விட்டாள்.

அடுத்து எடுத்த படங்களில் எதுவும் வரவில்லை. மாதிரி கெட்டிருக்கும் என்று அவளுக்கு வழிகாட்டியான சார் முடிவுகட்டி, நல்ல படத்தைப் போட்டிக்கு அனுப்பினார். சிறந்த மாணவர் ஆய்வுக்கான நானோ அறிவியல் பரிசு அதற்கே கிடைத்தது.

பரிசளிப்பு அன்று காலை, ஸ்டோர் கீப்பரான நானும் அக்காவும் போஸ்டரை மாட்டினோம். படத்தின் மூலையில், மாதிரியை ஒட்டி வைக்கிற ஒட்டுநாடா மட்டும் வெறுமனே தெரிந்தது. மாதிரி படாத அந்த இடத்திலும் அதே மணிகள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது உன் துகள் இல்லம்மா. ரெண்டு தடவை தங்கம் பூசிட்டேன். நான் சார்கிட்ட சொல்லிடறேன்."

அந்தப் பெண் கிட்டப் போய் மூலையைப் பார்த்தாள். "அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறிட்டாங்கக்கா," என்றாள். பிறகு, "நீங்க சொல்லாதீங்க. வேலை போயிடும். மாமாவுக்கு யாரு வைத்தியம் பார்ப்பா?"

அந்தப் பெண்ணே சாருக்குக் கடிதம் எழுதினாள்: பூச்சைச் சரிபார்க்காதது தன் தவறு, பரிசு வேண்டாம். அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை.

சார் அதை வராந்தாவில் வைத்தே படித்தார். "ஏமாத்துக்காரி! என் மானத்தை வாங்கிட்டியே!" என்று கத்தினார். புதுச் சட்டையும் பையுமாக அவள் அப்பா, அம்மாவுக்கு முன்னால் படியேறி வந்தது அப்போதுதான்.

"என்னம்மா சொல்றாரு?"

"தப்புப் பண்ணிட்டேன்ப்பா," என்றாள்.

அக்கா நாலடி தள்ளித்தான் நின்றாள். அப்போதாவது வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். திறக்கவில்லை. எல்லாம் தெரிந்த நானும் திறக்கவில்லை.