அப்பா மீன் கேட்ட நாள்

எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்தும் கோணல், நினைப்பும் இப்போதெல்லாம் பாதியில் அறுந்துபோகிறது. "தாத்தாவப் பத்தி நீ எழுதலன்னா யாரும்மா எழுதுவா?" என்று மகள் விடாமல் பிடித்துக்கொண்டதால் எழுதுகிறேன். குறை இருந்தால் மனசில் வைக்காதீர்கள்.

அப்பா என்றதும் அவருடைய தட்டுதான் எனக்கு முதலில் தெரிகிறது. ஓரம் நெளிந்த அலுமினியத் தட்டு. சோறு, ரசம், இரண்டு மோர்மிளகாய். எங்கள் மீனவக் குப்பமான கோட்டுச்சேரிமேட்டில் மீன் வாடை இல்லாத தட்டு அது ஒன்றுதான் இருந்திருக்கும். விடிகாலையில் கடலுக்குப் போய் வலையும் மீனுமாகத் திரும்புவார். அந்த மீனை நானும் அண்ணியும் கூடையில் எடுத்துக்கொண்டு கோட்டுச்சேரிக்கு விற்கப் போவோம். அவர் உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிடுவார்.

எல்லாம் அண்ணன் போனதிலிருந்துதான். ஐப்பசிக் காற்றில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அண்ணன் ஏறவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. அண்ணிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் ஆட்களில், கடலில் போனவன் உடம்பு கிடைக்காவிட்டால் அந்த வீட்டில் மீன் தின்ன மாட்டார்கள். ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை. பிறகு ஒருநாள் பங்காளிகள் மீன் வாங்கிவந்து, ஆக்கி, வீட்டுப் பெரியவர் தட்டில் ஒரு துண்டு வைப்பார்கள். அவர் தின்றுவிட்டால், போனவன் போய்விட்டான் என்று வீடு ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அதன்பிறகுதான் பெண்டாட்டியின் தாலியை இறக்குவார்கள்.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். "எம்புள்ளயக் கண்ணால காட்டுங்க, திங்கிறேன்" என்றார்.

அண்ணி பொட்டும் தாலியுமாக இருந்தார். சிலோன் பக்கம் ஒதுங்கியிருப்பான், அங்கே ஜெயிலில் இருப்பான் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருமுறை அண்ணியின் அம்மா வந்து, "அந்த மனுசன் ஒருவாய் மீன் தின்னா எம்பொண்ண வேற எடத்துலயாவது கட்டிக் குடுப்பேனே" என்று தெருவில் நின்று அழுதார். அண்ணி உள்ளேயிருந்து வரவில்லை. அப்பா வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அப்பா பிடிவாதத்தால் அண்ணி காத்திருந்தாரா, அண்ணி இருக்கிறாரே என்று அப்பா பிடிவாதமாக இருந்தாரா, எனக்கு விளங்கியதில்லை.

கரையில் கேலி செய்வார்கள். "என்னண்ணே, வருசம் பூரா ஐயப்பன் மாலையா?" அப்பா சிரித்துக்கொண்டே, "மலைக்குப் போனவன் இன்னும் எறங்கலடா" என்பார். நான் அதே தெருவில்தான் வாழ்க்கைப்பட்டேன். என் மகள் தாத்தா வீட்டில்தான் சாப்பிடுவாள். அவளுக்கு மீனில் முள் எடுக்க அப்பாவைப் போல யாராலும் முடியாது. விரலால் தடவித் தடவிப் பார்த்து ஊட்டுவார். "நீயும் தின்னு தாத்தா" என்பாள். "எனக்கு முள்ளு ஒத்துக்காது ஆயி" என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ரசஞ்சோற்றுக்கு உட்காருவார்.

அண்ணிக்குத் தலை நரைத்துவிட்டது. அப்பா கட்டிலோடு கிடந்தார். கஞ்சி மட்டும்தான் இறங்கும். ஒருநாள் காலையிலிருந்து, "பெரியவன் வந்துட்டானா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். மத்தியானம் கண்ணைத் திறந்து, தெளிவாக, "கெழங்கா மீனு கெடச்சா கொழம்பு வையி ஆயி" என்றார்.

"அப்பாவுக்கு நெனவு தடுமாறுது அண்ணி" என்றேன்.

"தடுமாறல. என்னயப் பாத்துத்தான் கேட்டாங்க."

அண்ணியே கரைக்குப் போனார். அவரே ஆய்ந்தார், அவரே குழம்பு வைத்தார். முள் எடுத்த மீனைச் சோற்றில் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது, அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்துக் காதில் என்னவோ சொன்னார். அண்ணி தலையை ஆட்டினார். அப்பா வாயைத் திறந்தார். மெதுவாக மென்று விழுங்கினார்.

சாயங்காலம் அண்ணி கொல்லைப்பக்கம் போய், யாரையும் கூப்பிடாமல், தானே பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்த வாரத்திலேயே அப்பா போய்விட்டார்.

இத்தனை வருஷமாக எனக்கு இதுதான் அரிக்கிறது. மகன் வந்துவிட்டான் என்ற நினைப்பில் அப்பா மீன் கேட்டிருந்தால், அவர் சந்தோஷமாகப் போனார், அண்ணி கழுத்துத்தான் ஒரு மயக்கத்தில் வெறுமையானது. தெரிந்தே கேட்டிருந்தால், அந்தப் பெண்ணை விடுவிக்கத் தன் பிள்ளையைத் தானே சாகக் கொடுத்தார். அதுவும் அவள் தலை நரைத்த பிறகு. எதை நினைத்தாலும் நெஞ்சு ஆறவில்லை. அண்ணியும் நானும் இன்றும் தினம் பார்த்துக்கொள்கிறோம். இதைப் பேசியதில்லை. கேட்க எனக்கு வாய் வராது.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். மீன் கிழங்கானா வேறா, அண்ணன் போனது ஐப்பசியா கார்த்திகையா என்பதெல்லாம் மகள் அவள் அத்தையிடம் கேட்டுச் சரிபார்க்கட்டும். தாத்தா காதில் என்ன சொன்னார் என்பதையும் கேட்கட்டும். அத்தை சொன்னால், அதை அவளே இங்கே எழுதிச் சேர்க்கட்டும். எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.