சின்ன உடம்புக்கு எவ்வளவு

என் தம்பிக்கு நான்கு வயது நடந்தபோது அவனுக்கு மாதம் தவறாமல் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. ஆளும் வளரவில்லை. போன வருடத்துச் சட்டை இந்த வருடமும் அவனுக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது. பரமத்தி வேலூரில் ஒரு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, மறுநாள் அப்பா முடிவு எழுதிய தாளை வாங்கிவந்தார். அதில், கிட்னிக்கு இதுதான் என்று ஆய்வகத்தில் காட்டிக்கொடுத்த கிரியாட்டினின் என்ற பெயருக்கு நேராக 0.9 என்று இருந்தது. பக்கத்தில், எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 0.6 முதல் 1.2 வரை என்று அச்சடித்திருந்தார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் பாடுபடும் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எண்கள் தெரியும்.

"உள்ளாறதான் இருக்குது. கிட்னி நார்மல்தான்" என்றார். அன்று அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அதன்பிறகும் இரண்டு முறை காய்ச்சல் வந்தது. யாரோ சொல்லி, சேலத்தில் குழந்தைகளின் சிறுநீரக நோய் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனோம். பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது.

டாக்டர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். "இந்த நார்மல் யாருக்குப் போட்டதுன்னு கேட்டீங்களா?" என்றார்.

"தாள்லயே அச்சடிச்சிருக்குதுங்களே" என்றார் அப்பா.

"அது பெரியவங்களுக்குங்க. உங்கள மாதிரி ஆளுக்கு." இது தசையிலிருந்து வந்து கிட்னி வெளியேற்றுகிற கழிவு, மண்வெட்டி பிடித்த உடம்பில் கூடுதலாக இருக்கும், கையில் சதையே இல்லாத இவனுக்கு இதில் பாதிகூட இருக்கக் கூடாது என்று அவர் நிதானமாக விளக்கினார். அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தாளை. நார்மல் என்று அவர் தன் வாயால் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நான் இடையில் புகுந்து கேட்டேன். "அப்ப, இத்தினிக்காணு உடம்புக்கு எவ்வளவுங்க இருக்கோணும்?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் டாக்டர் என் பக்கம் திரும்பிப் பதில் சொன்னார். "வெளிநாட்டுப் புத்தகத்துல ஒரு அளவு இருக்கு. நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு எவ்வளவுன்னு இப்பத்தான் நாங்க பாக்க ஆரம்பிச்சிருக்கோம்."

"எப்பிடிப் பாப்பீங்க?"

"நோவு இல்லாத பிள்ளைங்க நிறையப் பேர்கிட்ட ரத்தம் எடுத்துத்தான்."

நோவில்லாத பிள்ளைக்கு எதற்கு ஊசி? வீடு வரும்வரை அதையே யோசித்தேன். நார்மல் என்பது வாய்ப்பாடு போல ஆதியிலேயே யாரோ எழுதிவைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். அதை ஆட்களிடமிருந்து எடுக்கிறார்கள், அதுவும் எங்களைப் போன்ற பிள்ளைகளிடமிருந்து என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

தம்பிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர் கீழே இறங்காமல் திரும்ப மேலே ஏறி, சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மாத்திரைகள் தொடங்கின, ஆபரேஷன் இருக்கும் என்றார்கள். அந்த நாட்களில் அம்மா அடிக்கடி என்னை ஏற இறங்கப் பார்ப்பாள். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் போல என்று நினைத்து நகர்ந்துவிடுவேன்.

சில மாதம் கழித்து அந்த டாக்டரின் குழு எங்கள் பள்ளிக்கே வந்தது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். உயரம், எடை பார்த்து, ஒரு நர்ஸ் ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டுச் சேர்த்தார், இல்லையென்றால் திருப்பி அனுப்பினார். எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிறவனுக்குப் போன வாரம் காய்ச்சல் என்பதால் அவனைச் சேர்க்கவில்லை, அழுதுகொண்டே போனான். கடைசி பெஞ்சுக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு விசேஷமும் இல்லாமல் இருப்பது எங்கள் பள்ளியில் பெருமையாக இருந்தது அன்று ஒருநாள்தான்.

முதல் நாளும் அன்று காலையும் கறி தின்றிருக்கக் கூடாது, தின்றால் அந்த அளவு ஏறிவிடும் என்பது ஒரு நிபந்தனை. அங்கேதான் வந்தது வினை. முதல் நாள் எருமப்பட்டியில் மாமா வீட்டில் கிடா விருந்து. அம்மா என் இலைக்குக் காவல் இருந்து ரசம் மட்டும் ஊற்றவைத்தாள். மாமா மனசு கேட்காமல் ஒரு தூக்குப்போசி நிறையக் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினார். காலையில் அம்மா அதைச் சூடுபண்ணி வைத்துவிட்டுக் கொடிக்காலுக்குப் போயிருந்தாள். நான் இட்லி தின்ன உட்கார்ந்தேன். ஒரு துண்டு என்றுதான் எடுத்தேன். பிறகு போசியின் அடி தெரிந்தது.

"கறி சாப்பிட்டியா பாப்பா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். கையைக்கூட நன்றாகக் கழுவியிருந்தேன்.

ஊசி வலித்தது. பிஸ்கட்டும் ஜியாமெட்ரி பெட்டியும் கொடுத்தார்கள். நானும் நார்மலில் சேர்ந்துவிட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

பத்து நாள் கழித்து அப்பாவின் போனுக்கு அழைப்பு வந்தது. பாப்பாவுக்கு அளவு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, மறுபடி ஒருமுறை பார்த்துவிடலாம், கூட்டி வாருங்கள். அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்தார். அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, குழம்பு பாதி வெந்தபடியே கிடக்க, வாசலில் போய் நின்றாள். சேலம் போகும்வரை மூன்று நாளும் வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கறிதான் காரணம் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் நார்மலிலிருந்து என்னைத் தள்ளிவிடுவார்களே, அந்த முதல் ரேங்க்காரன் சிரிப்பானே என்பதுதான் என் கவலை.

சேலத்தில் டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டாள். "இவளுக்கும் தம்பியாட்டமே இருக்குதுங்களா?" குரல் அவளுடையது போலவே இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு மனசு உடைந்துவிட்டது.

"நான் அன்னைக்குக் கறி தின்னுபோட்டு வந்தேனுங்க" என்றேன்.

"எவ்வளவு?" என்றார் டாக்டர்.

"போசி காலியாயிருச்சுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளையை மடியில் போடுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்து, ஸ்கேனும் பார்த்தார்கள். சாயந்திரம் வந்த முடிவில் எல்லாம் என் வயதுக்குச் சரியாக இருந்தது.

"அப்ப இந்த ரத்தத்தக் கணக்குல எழுதிக்குவீங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சாமி" என்றார் டாக்டர். எழுதிக்கொள்வார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். பள்ளியில் அப்படித்தான் சொன்னேன். பல வருடம் அப்படியே நம்பினேன்.

தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனையும் தொடர்கின்றன. போன மாதம் அவனுடைய ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சின்னப் பிள்ளைகளின் அளவைக் கண்டுபிடித்ததில் என் ரத்தமும் உண்டு என்று வழக்கம்போலப் பெருமை பேசினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னுத எங்க சேத்துனாங்க? கூடப் பொறந்ததுக்கு நோவு இருந்தா அந்தக் கணக்குல சேக்க மாட்டாங்களாமா. அந்தக் கோளாறு கூடப் பொறந்ததுகளுக்கும் வருமுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நாந்தான், பிள்ளைய பயமுறுத்த வேண்டாமுங்க, பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளோடயும் நிறுத்தி எடுத்துப் பாருங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

கறி தின்றதை நான் மறைத்ததும், எதற்காக ரத்தம் எடுத்தார்கள் என்பதை அவள் மறைத்ததும் ஒரே காலையில்தான் நடந்திருக்கிறது. என்னுடையது இரண்டு வாரத்துக்குள் வெளியே வந்துவிட்டது.

அன்று சேலத்திலிருந்து திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நான் வெளியே லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். நாமக்கல் தாண்டியும் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடித்ததற்கு வருத்தப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, "பரவால்ல, வலிக்கலம்மா" என்று சொன்னேன்.