பத்துக் காளைக்கு ஒரு திட்டம்

இறைச்சி மாட்டுத் தொழில்ல திட்டம் போடுறது ரொம்ப சுலபம், அதை மாட்டுக்குப் புரிய வைக்கிறதுலதான் கொஞ்சம் சிக்கல்.

போர்டுல டார்கெட் எழுதி, அது எட்டாம, மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட அண்ணன்மாரே, அக்காமாரே, இது உங்களுக்குத்தான். நானும் உங்க கட்சி. பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில ரொம்ப வருஷம் புரொடக்‌ஷன் பிளானரா இருந்தவ. எந்த சாமான் என்னைக்கு வெளியே போகணும்னு சொல்றதுதான் என் வேலை. ஒருநாள் ஃபேக்டரியே மூட்டை கட்டிக்கிட்டு நாட்டை விட்டு வெளியே போயிடுச்சு. நான் ஆயர் ஈத்தாம் வீட்டுல டிவி முன்னாடி உக்காந்துட்டேன்.

அந்த நேரம் பாத்து எங்க சவரி அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்புல, செம்பனை மரங்களுக்கு நடுவுல பத்து இளங்காளைகளை வாங்கி விட்டாரு. அண்ணி போட்டது ஒரே கண்டிஷன். வர்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பத்தும் குர்பானுக்கு வித்துப் போகணும், இல்லேன்னா தொழிலை மூடிட்டு அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டணும். அண்ணனுக்கு மாடுன்னா உசிரு, பிள்ளைங்க கூச்சல்னா தலைவலி. "மேரி, நீதான் காப்பாத்தணும்"னு போன் பண்ணாரு. எனக்குச் சொல்லவா வேணும்! மறுநாளே வெள்ளை போர்டைக் கெரெத்தா பின்சீட்டுல தூக்கிப் போட்டுக்கிட்டுக் கடல் பாலம் தாண்டிட்டேன்.

இலக்கு எழுதின நாள்

கொட்டகைத் தூண்ல போர்டை மாட்டி, கலர் கலரா எழுதினேன். ஒண்ணு, பெருநாளைக்குள்ள பத்தும் விக்கணும். ரெண்டு, வாரா வாரம் எடை கூடணும். மூணு, மாட்டுக்குப் பேரே வைக்கக் கூடாது, நம்பர் மட்டும்தான். பேர் வச்சா பாசம் வரும், பாசம் வந்தா வியாபாரம் படுத்துடும். நாலு, பக்க வருமானம் தேடணும். அண்ணி கையைக் கட்டிக்கிட்டு, பரீட்சை பேப்பர் திருத்துற டீச்சர் மாதிரி பாத்துக்கிட்டிருந்தாங்க.

அஞ்சாவதை நீங்க எழுதுங்கண்ணேன்னு பேனாவை நீட்டினேன். அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சு, 'மாடு சந்தோஷமா இருக்கணும்'னு எழுதினாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அண்ணே, இலக்குன்னா அளந்து பாக்கிற மாதிரி இருக்கணும், சந்தோஷத்தை எந்தத் தராசுல வைப்பீங்கன்னு கத்தினேன். அண்ணன் முகம் சுருங்கிப் போச்சு. பேனாவை வாங்கி ஒரு வார்த்தையைச் சேர்த்தாரு, சேர்த்துட்டு என்னைப் பாத்துக் கேட்டாரு:

"'ரொம்ப'ன்னு போட்டுட்டேன், இப்ப சரியாம்மா?"

வெள்ளிக்கிழமை அதிசயம்

எடை பாக்கிறது என் டிபார்ட்மென்ட். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போய், நெஞ்சைச் சுத்தி டேப் போட்டு அளந்து, அதை வச்சு எடையைக் கணக்குப் போடுவேன். ஐயோ, என்ன வளர்ச்சி! சார்ட்ல கோடு ஏணி மாதிரி ஏறுது. ஃபேக்டரியில வாழ்நாள்ல பாக்காத கோடு. அதை போன்ல படம் பிடிச்சு பழைய மேனேஜருக்கே அனுப்பி வச்சேன்னா பாத்துக்குங்க, அவ்வளவு திமிரு எனக்கு.

ஒரு தடவை சொல்லாம கொள்ளாம திங்கட்கிழமை போய் நின்னேன். அளந்தா, பத்தும் இளைச்சுக் கிடக்கு! கேட்டா அண்ணன் தலையைச் சொறியுறாரு. வெள்ளிக்கிழமை நான் வர்றதுக்கு முன்னாடி உப்பு போட்ட புண்ணாக்கைத் தின்ன வச்சு, வாரா வாரம் கூட்டிக் கூட்டி, தொட்டி தொட்டியா தண்ணி குடிக்க விட்டிருக்காரு. நான் அளந்துக்கிட்டிருந்தது மாட்டை இல்ல, தண்ணி டாங்கியை. ஏண்ணே இப்படிப் பண்ணீங்கன்னு அழாத குறையா கேட்டேன். அவர் சொன்ன பதில்:

"கோடு ஏறுச்சுன்னா உன் முகத்துல ஒரு சிரிப்பு வருது பாரு, அதுக்குத்தான்."

பல்

பத்தையும் வாங்கிக்கிறேன்னு சொல்லி வந்தவர் காதர் பாய். ஜார்ஜ் டவுன்ல கடை வச்சிருக்கிற தமிழ் முஸ்லிம். அவங்க பள்ளிவாசல் குர்பானுக்கு வருஷா வருஷம் மாடு பாக்கிறவர். நான் விடுவேனா? செம்பனை மரத்தடியில நாற்காலி போட்டு, லேப்டாப்பைத் திறந்து, படம் படமா காட்டினேன். மனுஷன் மரியாதையா கடைசி வரைக்கும் பாத்தாரு. பாத்துட்டு எழுந்து போய் முதல் மாட்டு வாயைத் திறந்தாரு. கீழ் முன்பல்லுல ரெண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைச்சிருந்தாத்தான் வயசு ஆயிடுச்சுன்னு அவர் எடுப்பாராம். மூணு மாட்டுக்கு இன்னும் விழவே இல்ல. என் போர்டுல பல்லுக்கு இலக்கே இல்லைய்யா!

அன்னையிலேர்ந்து அண்ணன் காலையில டார்ச்சோட மாட்டு வாய்க்குள்ளதான் குடியிருந்தாரு. அந்த மூணுல கடைசி மாட்டுக்கும் பல் விழுந்து முளைச்ச அன்னைக்கு, ஆசையில இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிருக்காரு. ஏழாம் நம்பர் தலையை ஒரு ஆட்டு ஆட்டுச்சு. அண்ணனோட முன்பல் ரெண்டும் காலி. மறு வாரம் வந்த காதர் பாயை அவர் வாய் நிறைய சிரிச்சு வரவேற்க, பாய் பதறிட்டாரு:

"சவரி, பல் விழணும்னு நான் சொன்னது மாட்டுக்குய்யா!"

நாலாம் நம்பர் குடிபோனது

நாலாவது இலக்கு ஞாபகம் இருக்கா? பக்க வருமானம். எங்க அடுக்குமாடி பிளாக்குல நாலாவது மாடியில புதுசா வீடு வாங்கின சுசீலா அக்கா, கிரகப்பிரவேசத்துக்குப் பசு வேணும்னு கேட்டாங்க. நான் அண்ணனுக்கு போன் போட்டேன். மாடுதானே, அனுப்பிடலாம்லான்னாரு. அவர்கிட்ட இருக்கிறது பூரா காளைங்கிறது அந்த நேரத்துல அவருக்கும் தோணல, பிளானர் எனக்கும் தோணல.

வந்தது நாலாம் நம்பர். உள்ளூர் ஜாதி, குள்ளம், பரம சாது. மஞ்சள் பூசி, மாலை போட்டு, லிஃப்ட்டுக்குள்ள ஏத்திட்டோம். மூணாவது மாடியில கதவு திறந்துச்சு. மார்க்கெட் கூடையோட நின்ன சீனத்து ஆன்ட்டி மாட்டைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, பரவாயில்ல நான் அடுத்ததுல வர்றேன்னு மலாய்ல சொல்லிட்டு ஒதுங்கிட்டாங்க. மேல போய் வாசல்ல நிறுத்தினா, ஐயர் குனிஞ்சு ஒரு பார்வை பாத்தாரு. எனக்கு அப்பதான் உறைச்சுது. ஐயர் வாட்சைப் பாத்தாரு, சுசீலா அக்காவைப் பாத்தாரு, என் காதோரமா வந்து சொன்னாரு:

"பசு இல்லம்மா இது. ஆனா நல்ல நேரம் முடிய அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, உள்ள விடுங்க."

லோரி வந்த காலை

அந்த வருமானம் லிஃப்ட் கழுவினதோட சரியாப் போச்சு. ஆனா வினை வேற. சுசீலா அக்கா வாரா வாரம் வாழைப்பழத்தோட சுங்கை பாக்காப் வர ஆரம்பிச்சிட்டாங்க. காளைன்னு தெரிஞ்சும், வீட்டுக்கு வந்தவன் வீட்டுப் பிள்ளைதான்னு 'ராசா'ன்னு பேரும் வச்சிட்டாங்க. அண்ணியும் அவங்களோட நின்னு பழம் ஊட்டுறாங்க. மூணாவது இலக்கைக் காட்டி நான் போர்டைத் தட்டித் தட்டிக் கை வலிச்சதுதான் மிச்சம்.

பெருநாளைக்கு முன்னாடி காதர் பாய் லோரியோட வந்தாரு. பத்துக்கும் பல் சரி. ஒவ்வொண்ணா ஏறுச்சு. ஒன்பது ஏறியாச்சு. நாலாம் நம்பர் கயிறு மட்டும் வரல. பாத்தா, அதைக் கையில சுத்திக்கிட்டு அண்ணி அழுறாங்க. வேன் ஓட்டணும்னு மிரட்டின அதே அண்ணி! நானும் அன்னைக்குப் போர்டைத் தட்டல, ஒத்துக்கிறேன். காதர் பாய் மெதுவா என்ன விஷயம்னு கேட்டு, கிரகப்பிரவேசக் கதை பூரா கேட்டு, தொப்பியைக் கழட்டித் தலையைத் தடவிக்கிட்டாரு. ஒருத்தங்களை அழ வச்சு வாங்கிட்டுப் போறது குர்பானுக்கு அழகில்லம்மா, பத்தாவதை நான் வேற இடத்துல பாத்துக்கிறேன்னாரு. லோரி கிளம்பிப் போச்சு.

நான் சும்மா இருப்பேனா? அண்ணி, கணக்கு பத்து, போனது ஒன்பது, அப்ப ஸ்கூல் வேன் எப்பன்னு கேட்டேன். அண்ணன் மெல்ல ராசா பின்னாடி போய் நின்னுக்கிட்டாரு. அண்ணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவரை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தாங்க:

"பத்தாவதா உங்க அண்ணனைத்தான் ஏத்தி விடலாம்னு பாத்தேன், முன்பல் இல்லாததைக் காதர் பாய் எடுக்க மாட்டாரேலா!"

ஆக, நான் கலர் கலரா எழுதின நாலு இலக்கும் கவுந்து போய், அண்ணன் எழுதின அஞ்சாவது மட்டும்தான் முழுசா நிறைவேறுச்சு, அதுவும் ஒரே ஒரு மாட்டுக்கு.