பெண் பார்க்க ஓடாத நெட்டு

திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் அறையில் கூடியவர்கள். நான், பிரஸ் ஷாப்பில் தகடு வளைப்பவன். என் அறைத் தோழன், சிவகங்கைப் பக்கம், வெல்டிங் வேலை. பக்கத்து அறை அண்ணன், குவாலிட்டியில் இருப்பவர். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா, ஒரகடத்திலேயே பிறந்தவர். அப்புறம் கம்ப்யூட்டர். அதைச் சுற்றித்தான் நின்றோம்.

நெட்டு மெதுவாக வந்தது. முந்தின நாள் தோழனைப் பெண் வீட்டார் வீடியோவில் பார்த்தார்கள். லீவு கிடைக்கவில்லை, நேரில் போக முடியவில்லை. வணக்கம் சொல்ல வாயைத் திறந்தான். படம் அங்கேயே நின்றுவிட்டது. அரைக்கண், திறந்த வாய். அங்கே குடும்பமே உட்கார்ந்து நான்கு நிமிடம் அதைப் பார்த்திருக்கிறது. பெண்ணின் மாமா போனில் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு பதினொரு மணிக்கு இன்னொரு தடவை. அதோடு சரி.

போனிலேயே பேசு என்றேன். கேட்கவில்லை. போனில் பேசினால் ரூம்காரன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஆபீசர். அப்படி ஓர் எண்ணம் அவனுக்கு.

வைஃபை பெட்டி அக்காவுடையது. மாடிப்படிச் சுவரில் இருக்கிறது. மாடிக்கும் கீழே நான்கு அறைகளுக்கும் அதுதான்.

"மேல எனக்கு நல்லாத்தான் கீது," என்றார் அக்கா. "உங்க மிஷின்லதான் இன்னாவோ."

குவாலிட்டி அண்ணன் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டார். கம்பெனியில் ஒரு பீஸ் கெட்டால் ஐந்து தடவை 'ஏன்' கேட்பார்கள். ஐந்தாவதில் காரணம் கிடைக்கும். நெட்டு ஏன் மெது? சிக்னல் குறைவு. ஏன் குறைவு? அதற்கு மேல் நகரவில்லை. பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"கடைசியா என்னத்த மாத்தினீங்க?"

ஒன்றும் மாற்றவில்லை என்றோம். இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

செவ்வாயன்று அடுத்த அறைக்காரர்கள் படம் இறக்குவதாகச் சந்தேகம். பாஸ்வேர்டை மாற்றினோம். அக்காவின் சீரியல் நின்றுபோனது. இறங்கி வந்து அவர் பேசியதை எழுத முடியாது. பாஸ்வேர்டைத் திரும்ப மாற்றினோம். கம்ப்யூட்டருக்குப் பின்னால் குச்சி மாதிரி ஒன்று செருகியிருக்கும், அதுதான் வைஃபையை இழுப்பது. அதைப் பிடுங்கி முன்பக்கம் செருகினோம். நெட்டு வேகம் ஒன்று இருந்தது மூன்றானது. முப்பதுக்கு மேல் வர வேண்டும். கம்ப்யூட்டரையே தூக்கிப்போய்ப் படிக்கட்டில் வைக்கலாம் என்றார் அண்ணன். பின்னால் செருப்பு தெரியும் என்றான் தோழன்.

புதன்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். பெட்டியை அணைத்துப் போடப் படியேறினேன். போன் கையில் இருந்தது. பெட்டிக்கு மேலே பிடித்தால் சிக்னல் முழுசு. கீழே இறக்கினால் ஒரு கோடு. நான்கு தடவை ஏற்றி இறக்கினேன். புரிந்தது.

படியில் ஓடும் பிள்ளைகள் அந்தப் பெட்டியின் ஒயரைப் பிடுங்குகிறார்கள் என்று போன மாதம் அக்கா குறைப்பட்டுக்கொண்டார். நாங்கள் சும்மா இருப்போமா. கேட்டு வாங்கின தகட்டில் ஒரு கூடு செய்தோம். வளைத்தது நான். வெல்டிங் அவன். முன்பக்கம், பக்கவாட்டு, அடி, எல்லாம் இரும்பு. ஒயர் போக மேலே மட்டும் திறப்பு. சுவரோடு நான்கு போல்ட். அக்கா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். நெட்டு மாடிக்கு நேராகப் போனது. கீழே வரவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு வளைவும் சுத்தமாக விழுந்திருந்தன. எங்கும் விரிசல் இல்லை. கம்பெனி லைனில் அப்படி விழுந்தால் யாரும் பாராட்டி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இங்கே அக்கா சொல்லியிருந்தார்.

ஞாயிறு பத்தரைக்குத் தோழன் கம்ப்யூட்டரில் இருந்து என் போனுக்கு வீடியோ போட்டுப் பார்த்தான். படம் துண்டு துண்டாக வந்தது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது அவனுக்கு.

"இந்தத் தடவையும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னேன்னா முடிஞ்சுச்சுண்ணே," என்றான். "அவுக வேற இடம் பாத்து வச்சுருக்காக."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு படியேறினேன். மூன்றாவது போல்ட்டில் அக்கா வந்தார். குங்குமம் வைத்ததை ஏன் கழட்டுகிறாய் என்று கேட்டார்.

"சூடாவுதுக்கா. காத்து வேணும்," என்றேன்.

நம்பினார். குவாலிட்டி அண்ணனும் நம்பினார். காலண்டர் தாளில் ஐந்தாவது ஏனுக்கு எதிரே 'சூடு' என்று எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு கம்பெனிப் பயிற்சி வகுப்பில் அதையே உதாரணமாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டைக் கழட்டியதும் முப்பத்தைந்தைத் தாண்டியது. பதினொன்றுக்கு அழைப்பு வந்தது. நாங்கள் மூன்று பேரும் கதவோரம் நின்றோம். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மாமா சம்பளம், ஷிப்ட், குடிப்பழக்கம் எல்லாம் கேட்டார். தோழன் நிறுத்தாமல் பேசினான். கேட்காததற்கும் பதில் சொன்னான். கையை ஆட்டினான். போன வாரத்துக்கும் சேர்த்துப் பேசினான். கடைசியில் பெண்ணிடம், ஏதாவது கேட்கிறாயா என்றார்கள்.

"போன வாரம் அசையாம இருந்தீகள்ல," என்றது அந்தப் பெண். "அதுவே நல்லாருந்துச்சு."

அங்கே எல்லோரும் சிரித்தார்கள். இங்கே அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். தோழன் வாயை மூடினான். மாலைக்குள் சம்மதம் என்று மாமா போன் செய்தார்.

கூட்டை அக்கா மாடிக்கு எடுத்துப்போனார். இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது.

கல்யாணம் காரைக்குடியில், ஆவணியில், ஒரு வேலைநாளில். லைனில் இருந்து எத்தனை பேர் லீவு என்று சூப்பர்வைசர் கேட்டார். நான் பட்டியலைக் கொடுத்தேன். பெண் பார்க்க ஒருவனுக்கு லீவு கிடைக்காத கம்பெனி அது. அவர் விரல் வைத்து எண்ணினார்.

பத்தொன்பது.