இரண்டு சூனியக்காரிகளுக்கு ஒரு காக்காய்

என் பெரியம்மாவும் அவள் மகளும் அசல் சூனியக்காரிகள் என்று ஏழு வயதில் நான் நம்பினேன். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிவிட்டால், முதலில் வாய் திறந்தவள் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடுவாள் என்றும் நம்பினேன். அப்படி ஒரு விபரீதம் நடக்காமல் காக்கும் பொறுப்பு என் தலையில் இருப்பதாக நினைத்து, அந்தக் கோடை விடுமுறையில் துரும்பாக இளைத்துப்போனேன் என்று அம்மா சொல்வாள். இன்று என் இடுப்பைப் பார்ப்பவர்கள் இதை நம்புவதில்லை.

மைசூர் ஸ்டேட் என்ற பெயர் போய்க் கர்நாடகா என்று வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரியம்மா வீடு. அம்மாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, அப்பாவுக்கு ரயில்வே ஆபீசில். காலையில் இருவரும் கிளம்பும்போது பூட்டையும் சாவியையும் போல என்னையும் மறக்காமல் எடுத்துக்கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் ஒப்படைப்பார்கள். பெரியப்பா ரயிலில் கார்டு. பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கைவசம் இருந்தும், வீட்டுக்குள் எந்தக் கொடியையும் காட்டத் துணியாத மனிதர். வீட்டில் குரல் உயர்ந்தால் அவருக்கு உடனே டூட்டி வந்துவிடும்.

பெரியம்மாவின் மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.யூ.சி. முடித்துவிட்டு, தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடியில் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலையும் கிடைத்துவிட்டது. மாதம் பிறந்ததும் போய்ச் சேர வேண்டும், பெண்கள் ஹாஸ்டலில் தங்க வேண்டும். பெரியம்மாவோ கொள்ளேகாலில் பட்டுத்தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் பேசி, பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தாள்.

வந்தார்கள். கேசரிபாத்தும் காப்பியும் ஆனதும் அக்கா கூடத்துக்கு வந்து நின்று, "நான் பெங்களூருக்கு வேலைக்குப் போறேங்க. உங்களை வீணா அலைய வெச்சுட்டாங்க, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிக் கும்பிட்டாள். வந்தவர்களில் வயதான ஒருவர் மட்டும் பதற்றப்படாமல் இரண்டாம் முறை கேசரிபாத் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்கள் தெரு முனையைத் தாண்டியதும் பெரியம்மா சொன்னாள்:

"இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது."

"சரி. எனக்கும் கெடையாது."

அன்றிலிருந்து பேச்சு என் வழியாகப் போக ஆரம்பித்தது. இருவரும் ஒரே சமையலறையில்தான் நிற்பார்கள். நடுவில் நான்.

"டேய், அவகிட்ட சொல்லு. தலையில தண்ணி சொட்டுது, துவட்டச் சொல்லு."

நான் கழுத்தைத் திருப்பி, "அக்கா, தலையில தண்ணி சொட்டுதாம், துவட்டணுமாம்" என்பேன்.

"துவட்டியாச்சுன்னு சொல்லு."

"துவட்டியாச்சாம், பெரிம்மா."

"கண்ணு இருக்கு எனக்கு. இதுவா துவட்டினதுன்னு கேளு."

எந்தக் குரலில் வாங்கினேனோ அதே குரலில் கொடுக்க வேண்டும் என்பது என் தொழில் தர்மம். ஒருமுறை பெரியம்மாவின் முகச்சுளிப்பையும் சேர்த்து அப்படியே அக்காவிடம் ஒப்பித்தேன். அக்கா முதுகில் ஒன்று வைத்தாள். அந்த அடியைப் பெரியம்மாவிடம் கொண்டுசேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குக் கொஞ்ச நேரம் குழப்பமாக இருந்தது.

என் பிடுங்கல் தாங்காமல்தான் அக்கா அந்த ஆட்டத்தை உண்டாக்கினாள். பட்டுப்புடவை வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்பக்கத்தில் ஒரு நாடு வரைந்தாள். ஒரு மூலையில் சாமுண்டி மலை மாதிரியே படிக்கட்டு வைத்த மலை. அதன் உச்சியில் அம்மா சூனியக்காரி. அவளுக்குக் காயாக ஒரு பித்தளைத் திருகாணி. கீழே ஒரு ஏரி, அதன் கரையில் மகள் சூனியக்காரி. அவள் ஒரு சிவப்பு வளையல் துண்டு. ஏரியைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் பாதை போய், மறு மூலையில் ஒரு தண்டவாளத்தில் முடியும். சோழி உருட்டி நகர வேண்டும். மகள் தண்டவாளத்தைத் தொட்டுவிட்டால் நாட்டைவிட்டே போய்விடுவாள்.

"நான் யாரு?" என்று கேட்டேன்.

"நீ காக்காய்."

"காக்காய்க்கு மந்திரம் உண்டா?"

"கெடையாது. ரெண்டு சூனியக்காரிக்கும் சண்டை. பேச்சைக் கொண்டுபோய்க் குடுக்கறதுதான் காக்காய் வேலை."

"அவங்களே பேசிக்கிட்டா?"

அக்கா வளையல் துண்டை விரலில் உருட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "யாரு மொதல்ல பேசறாளோ அவ கல்லாயிடுவா. ரூல் அப்படி."

கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தது ஆட்டம் அல்ல, சமையலறையில் நடப்பதன் வரைபடம் என்று அந்தக் கணமே கண்டுபிடித்துவிட்டேன். அதுவரை சரி. அதற்கு மேல் போனதுதான் என் அறிவு. இவர்கள் ஏன் பேசுவதில்லை என்பதற்கு எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கோபமாவது ஒன்றாவது! கல்லாகிவிடுவோம் என்ற பயம்.

தேடத் தேட ஆதாரங்களும் கிடைத்தன. அக்காவின் தாள்களில் எந்த மொழியிலும் சேராத கொக்கிகளும் சுழிகளும் வரி வரியாக இருந்தன. சுருக்கெழுத்து என்றாள். மந்திரம் என்று வெளியே சொல்ல முடியாதல்லவா? பெரியம்மா கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவாள். செவ்வாய்க்கிழமைதோறும் உப்பையும் மிளகாயையும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டு, வெடிக்கிற சத்தத்தை வைத்து எவன் கண் பட்டது என்று கண்டுபிடிப்பாள். வெல்ல டப்பாவை நான் திறந்தால், முதுகைக் காட்டி நின்றபடியே, "மூடு" என்பாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு மத்தியானம் அக்கா டைப் வகுப்புக்குப் போயிருந்தாள். பெரியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இது யாருடா?"

"அம்மா சூனியக்காரி."

"ஓஹோ. நாள் பூரா மலை மேலேயேதான் உக்காந்திருப்பாளா?"

"சோழி விழுந்தா எறங்குவா, பெரிம்மா."

பெரியம்மா சோழிகளை எடுத்துக் குலுக்கினாள். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்து உருட்டினாள். திருகாணியை எடுத்துப் படிக்கட்டில் இறக்கி வைத்தாள். பிறகு எழுந்து, அரிசி களையப் போய்விட்டாள்.

சாயங்காலம் அக்கா வந்தாள். அட்டையைப் பார்த்தாள். சமையலறைக் கதவைப் பார்த்தாள். யார் நகர்த்தியது என்று என்னிடம் கேட்கவே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சோழியை உருட்டி, வளையல் துண்டைத் தண்டவாளத்துப் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

மறுநாளும் அப்படியே. மத்தியானம் ஒருத்தி இறங்குவாள், சாயங்காலம் ஒருத்தி விலகுவாள். நான் நடுவில் உட்கார்ந்து நகம் கடிப்பேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே அவ்வளவு நேரம் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? திருகாணி மலையடிவாரத்தைத் தாண்டிவிட்டது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இருவரும் ஒரே கட்டத்தில் சந்தித்து, யாராவது வாயைத் திறந்துவிட்டால்? கல்லான பெரியம்மாவை எங்கே வைப்பது? கூடத்தில் வைத்தால் பெரியப்பா டூட்டி முடிந்து இருட்டில் வரும்போது இடித்துக்கொள்வாரே? எனக்கு மத்தியானச் சாப்பாடு யார் போடுவார்கள்? கவலைகள் இந்த வரிசையில்தான் வந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

அக்கா கிளம்பும் நாள் வந்தது. அன்றைக்குப் பெங்களூர் வண்டியில் பெரியப்பாதான் கார்டு. "அவ பாட்டுக்கு வண்டியில உக்காரட்டும், நான் பாத்துக்கறேன்" என்று யாரையும் பார்க்காமல் காலண்டரிடம் சொல்லிவிட்டு, விடியும்போதே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். வாசலில் ஜட்கா வந்து நின்றது. குதிரைக்காரர், "பர்த்தீராம்மா? டைம் ஆய்த்து!" என்று சீக்கிரம் வரச் சொல்லிக் கன்னடத்தில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா நீலப் புடவை கட்டி, கூடத்தில் டிரங்குப் பெட்டியோடு நின்றாள். பெரியம்மா சமையலறைக்குள். நான் காலையிலிருந்து பத்துத் தடவையாவது பறந்திருப்பேன்.

"சாப்பிட்டுப் போறாளான்னு கேளு."

"பசிக்கலைன்னு சொல்லு."

"இட்லி கட்டி வெச்சிருக்கேன், எடுத்துக்கச் சொல்லு."

"எடுத்துக்கிட்டாச்சுன்னு சொல்லு."

"போர்வை?"

"வெச்சாச்சு."

வாசலில் குதிரை தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அக்கா பெட்டியைத் தூக்கினாள். வாசற்படி வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் பெரியம்மா சமையலறையை விட்டு வெளியே வந்தாள்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னைத் தாண்டி, என் தலைக்கு மேலாக, நேரே அக்காவைப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

நான் அலறிவிட்டேன். வாசலில் குதிரை மிரண்டு இரண்டடி பின்னால் போனதாகக் குதிரைக்காரர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். அங்கிருந்த மணையில் ஏறிக் குதித்து, பெரியம்மாவின் கழுத்தைக் கட்டித் தொங்கி, இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தினேன்.

"பேசாதீங்க பெரிம்மா! பேசாதீங்க! கல்லாயிடுவீங்க!"

பெரியம்மா ஒரு கையால் என்னைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் என் கையை வாயிலிருந்து விலக்கினாள்.

"என்னடா உளர்றே?"

"மொதல்ல பேசறவங்க கல்லாயிடுவாங்க. ரூல் அது. அக்காதான் சொன்னா." அழுகையில் எனக்கு மூக்கு ஒழுகியது. அதையும் அவள் தோளிலேயே துடைத்தேன்.

பெரியம்மா அசையவில்லை. ஒரு கணம், பேசாமலே கல்லாகிவிட்டாளோ என்று பயந்துபோனேன். அக்காவும் அசையவில்லை. பெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. அவள் முகம் சிவந்து, கண் நிரம்பியிருந்தது.

"அவளா சொன்னா?" என்று பெரியம்மா என்னிடம்தான் கேட்டாள்.

"ஆமா."

பெரியம்மா என்னைத் தரையில் இறக்கி விட்டாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். துடைத்து முடிக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"சரி, நான் பேசலை. நீயே சொல்லு. போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடச் சொல்லு."

அக்கா எட்டிக் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றாள். நான் கழுத்தைத் திருப்பினேன்.

"அக்கா, போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடணுமாம்."

அக்கா பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "போடறேன்னு சொல்லுடா."

"போடறாளாம், பெரிம்மா."

ஜட்கா கிளம்பிப் போனது. பெரியம்மா வாசலில் நிற்கவில்லை. நான் மட்டும் நின்று, குதிரையின் வால் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே ஓடி, பெரியம்மாவின் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. "ஏண்டா கிள்றே, சனியனே" என்றாள். அந்த வசவைக் கேட்டு நான் அடைந்த ஆனந்தம் கொஞ்சநஞ்சமல்ல. ஓர் உயிரைக் காப்பாற்றியவன் நடப்பது போல அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குவார்ட்டர்ஸில் நடந்தேன்.

இருவரும் பிறகு பேசினார்கள், சண்டையும் போட்டார்கள், அதற்கு நான் தேவைப்படவில்லை. அக்கா அதே பெங்களூரில் வேலை பார்த்து, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, ஓய்வும் பெற்றுவிட்டாள். பெரியம்மா இப்போது அவளோடுதான் இருக்கிறாள். போன தீபாவளிக்கு அங்கே போயிருந்தபோது, அக்கா கடைக்குப் போன நேரத்தில், அவள் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நடித்துக் காட்டினேன். குதிரை மிரண்டதைச் செய்து காட்டியதற்கு நல்ல வரவேற்பு. பெரியம்மா ஒரு ஓரமாக அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பிள்ளைகள் எழுந்து போனதும் அவளிடம் கேட்டேன், அன்றைக்கு வாயைத் திறந்தீர்களே, என்ன சொல்ல வந்தீர்கள் என்று.

"போகாதேடின்னு சொல்ல வந்தேன்" என்றாள். "அந்த நேரம் நான் சொல்லியிருந்தா அவ நின்னிருப்பா. வாசப்படியில திரும்பிப் பாத்தாளே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுது."

நார் உரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

அன்றைக்கு அதை அவள் சொல்லவில்லை. அக்கா வண்டி ஏறிப் பெங்களூர் போனாள்.