மணி கேட்டவர்கள் கையைத் தூக்கவும்

தறிகள் நின்றால்தான் அவளுக்குப் பயம். ஓடுகிறவரை அந்த விசைத்தறிக் கூடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லோரும் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஊர்வம்பு பேசுவார்கள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாயாடிக்குக் காது போய்ப் பல வருடமாகிறது என்பது அவள் கணவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவரிடம் மறைக்கவும் முடியாது. இருட்டில் அவர் கூப்பிட்டால் இவள் ஏனென்று கேட்பதில்லையே! மனுஷன் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்ணைப் பறித்ததும் வேலை போயிற்று, கூடவே திரிந்த நண்பர்களும் காணாமல் போனார்கள். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பாவம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாவத்தை வைத்து உலை வைக்க முடியுமா? இப்போது வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான்.

அன்று காலை தறிகளை நிறுத்திவிட்டார்கள். துணி வாங்கும் கம்பெனி, நெருப்புப் பிடித்தால் ஒலிக்கும் மணி ஒன்றை மாட்டி, அதைச் சோதிக்க ஒரு இளம் அதிகாரியையும் அனுப்பியிருந்தது. பக்கத்துத் தறிக்காரி நெட்டைதான் உதட்டசைவில் விஷயத்தைச் சொன்னாள்.

"மணிச் சத்தம் கேக்காதவங்கள இனிமே உள்ள விடமாட்டாங்களாம். கணக்க முடிச்சு அனுப்பிடுவாங்களாம்."

எல்லோரையும் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்க வைத்தார்கள். முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி முன்னால் வந்து, "நான் பின்னாடி போய் அடிப்பேன். கேட்டதும் கையத் தூக்குங்க. யாரும் திரும்பக் கூடாது" என்றார். அதுவரைக்கும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அதற்குமேல் சுவர்தான்.

ஆனாலும் ஒரு வழி வைத்திருந்தாள். நெட்டைக்குப் பாம்புக் காது. அடுத்த தெருவில் தும்மியது யாரென்று சொல்கிறவள். அவளை ஒட்டி நின்றுகொண்டு, அவள் முழங்கை அசைந்ததும் தானும் கையைத் தூக்கிவிடலாம்.

முழங்கை அசையவில்லை. இன்னும் அடிக்கவில்லையா? முந்திக்கொண்டு தூக்கினாலும் மாட்டிக்கொள்வாள். கழுத்தைத் திருப்பாமல் ஓரக்கண்ணை மேலே ஏற்றினாள். நெட்டையின் கண் இவள் முழங்கையின் மேல் இருந்தது.

அடிப்பாவி, நீயுமா!

அதற்கப்பால் எட்டிப் பார்த்தாள். வரிசை முழுக்க ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற கிழவர் மட்டும், பார்க்க ஆளில்லாமல் கண்ணை இறுக மூடியிருந்தார்.

அதிகாரி முன்னால் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "அடிச்சுக்கிட்டே இருந்தேனே! ஒருத்தருக்குக் கூடவா கேக்கல?"

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய் அவரிடம் என்னவென்று சொல்வது?

அப்போதுதான் முதலாளி எரிச்சலோடு எழுந்து வந்தார். "என்ன தம்பி, எவ்வளவு நேரம் நிக்க வைப்ப? மணிய அடி, சீக்கிரம். தறியெல்லாம் நிக்குதுல்ல?"

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. நெட்டை பக்கம் திரும்பி, குரல் எழுப்பாமல் உதட்டை அசைத்தாள்.

"இவருக்கும் கேக்கலடி. இவர யாரு வீட்டுக்கு அனுப்புவா?"

அதிகாரிக்கு அது எட்டவில்லை. ஆனால் முதலாளி தன் அப்பன் காலத்தில் இதே தறிகளில் நின்று நெய்தவர் என்பதை அவள் அந்த நேரத்தில் மறந்துவிட்டாள். அவர் முகம் செத்துப்போயிற்று. அவளையே பார்த்தார். பிறகு அவரும் குரலில்லாமல் உதட்டை அசைத்தார்.

"வெளிய சொல்லிடாதம்மா. பசங்க தொழில வாங்கிக்கிட்டு என்னை மூலைல உக்கார வச்சிடுவாங்க."

ஒரு நிமிஷம் அவர்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. அவர் மூலையில் உட்கார்ந்தாலும் தட்டில் சோறு வந்துவிடும்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன? அவர் என்ன சொல்றாரு?"

அவள் முதலாளிக்குத் தன் முகம் நன்றாகத் தெரியும்படி திரும்பி நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னாள்.

"மணி எதுக்கு, ஒவ்வொரு தறிக்கு மேலயும் செவப்பு லைட்டு மாட்டித் தர்றேங்கறாரு. யாரையும் நிறுத்தப் போறதில்லையாம்."

முதலாளி அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டினார்.