கைத்தான் மறைத்த மிடறு

குட்போனா துறையில் எங்கள் விசைப்படகுக்குக் கைத்தான்தான் சமையல். படகை ஓட்டும் தண்டேல் ரொசாரியோ, கைத்தானின் தங்கையைக் கட்டியவன். ஆனாலும் மச்சான் என்ற சலுகை கிடையாது. போன பருவத்தில் ஒருத்தன் போதையில் கடலில் விழுந்து செத்ததிலிருந்து, படகில் குடிப்பவனுக்கு வேலை இல்லை என்று ரொசாரியோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

அந்த வாரம் கைத்தானுக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கப் பயந்து, ஆஸ்பிரினை மிட்டாய் மாதிரி தின்றுகொண்டிருந்தான்.

மதியம் வஞ்சிரம் நறுக்கும்போது படகு ஆடி, கத்தி மணிக்கட்டில் இழுத்துவிட்டது. சின்ன வெட்டுதான். துணியைச் சுற்றிக்கொண்டு அரிசி களைந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரிசித் தண்ணீர் சிவந்தது. துணி மாற்றினோம், நனைந்தது. மஞ்சள்தூளை அப்பினோம், கரைந்து வழிந்தது. இத்தனூண்டு வெட்டுக்கு இவ்வளவு ரத்தமா என்று ரொசாரியோவைக் கூப்பிட்டோம். அவன் உதடு வெளுத்தது.

வலை நிறைய மீன் இருந்தது. இழுக்க நேரமில்லை, அறுத்துவிடுங்கள் என்றான் ரொசாரியோ. படகைக் கரைப் பக்கம் திருப்பி, போனில் சிக்னல் வந்ததும் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் பிடித்தான். அவர் முதலில் கேட்டது, என்ன மாத்திரை சாப்பிட்டான், குடித்தானா என்றுதான்.

"பல்லுக்கு ஆஸ்பிரின் போட்டேன். வேற ஒண்ணுமில்ல," என்றான் கைத்தான், ரொசாரியோவைப் பார்த்தபடியே.

"என் மூஞ்சியப் பாக்காத மச்சான். அந்தம்மாகிட்ட உள்ளதச் சொல்லு," என்றான் ரொசாரியோ.

கைத்தான் தலையைக் குனிந்துகொண்டான். "ஃபெனி. ராத்திரியும் குடிச்சேன், காலைலயும். வலி தாங்கல."

மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். ரெண்டு நாளாக அப்படித்தான் என்றான். டாக்டரம்மா குரல் மாறியது. அந்த மாத்திரை ரத்தம் உறைவதைத் தடுக்கும், விட்ட பிறகும் சில நாள் அப்படித்தான் இருக்கும், சாராயம் சேர்ந்தால் இன்னும் மோசம், வயிற்றுக்குள்ளும் புண்ணாகிக் கசிகிறது என்றார். கையைத் தூக்கிப் பிடித்து, வெட்டின் மேல் அழுத்தச் சொன்னார். நின்றதா என்று துணியை எடுத்துப் பார்க்கவே கூடாது என்றார்.

ரொசாரியோ சுக்கானை என்னிடம் தந்துவிட்டு, அவன் கையைத் தன் தோளில் சாய்த்து அழுத்திப் பிடித்தான். நடுவில் கைத்தான் கண் சொருகியபோது, "தூங்காத. தூங்கினா உன் தங்கச்சிகிட்ட நான் அடி வாங்கணும்," என்று மட்டும் சொன்னான். கரை சேரும்வரை விரல்களைத் தளர்த்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித் தையல் போட்டார்கள். வயிற்றுப் புண்ணுக்கும் வைத்தியம் நடந்தது. உள்ளதைச் சொல்லாமல் இருந்திருந்தால், கையை மட்டும் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம், வயிற்றுக் கசிவு தெரியாமலே போயிருக்கும் என்றார் டாக்டரம்மா.

கைத்தான் தேறி வந்தபோது எங்கள் படகில் வேறு சமையல்காரன் இருந்தான். அவன் தங்கை தன் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். கைத்தான்தான் போய்ச் சமாதானம் செய்தான். "அவன் சொன்னதத்தான் செஞ்சான், விடு."

இப்போது துறைமுகச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான். ரொசாரியோவும் அங்கேதான் சாப்பிடுகிறான்.